சந்தேகம் வந்த அன்றே அனுப்புங்கள்: குமரி மாவட்ட அங்கன்வாடி டீச்சர்மாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டீச்சர்மாருக்கும் உதவியாளர் அக்காமாருக்கும்,

வணக்கம். நான் கருங்கல் பக்கத்தில் இருப்பவள். எனக்கு ஒரே மகன். இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறான். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் பையை நடையில் வைத்துவிட்டு, "அம்மா, வெள்ளம்" என்று தண்ணீர் கேட்பான். அந்த இரண்டு சொல்லும் சேர்ந்து அவன் வாயிலிருந்து வர ஐந்து வயது ஆயிற்று. வளர்ச்சியில் தாமதம் என்று ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தால், இன்னும் முன்னாலேயே வந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கலெக்டருக்கு எழுது, சுகாதாரத் துறைக்கு எழுது என்றார்கள் வீட்டில். அவர்களிடமும் ஒன்றிரண்டு கேட்க இருக்கிறது, பின்னால் கேட்கிறேன். ஆனால் ஒரு ஊரில் எந்த வீட்டில் எத்தனை வயதில் எந்தப் பிள்ளை இருக்கிறது என்று நோட்டில் எழுதி வைத்திருப்பவர் நீங்கள். எந்தப் பிள்ளை முட்டையைத் தொடாது, எந்தப் பிள்ளை அப்பா வந்து கூப்பிட்டால்தான் போகும் என்பதுவரை உங்களுக்குத் தெரியும். ஒரு டாக்டர் பத்து நிமிடம் பார்க்கிற பிள்ளையை நீங்கள் தினமும் நாலைந்து மணி நேரம் பார்க்கிறீர்கள்.

என் மகனுக்கு ஒன்றரை வயதில் எனக்குச் சந்தேகம் வந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஆனால் அடுக்களையில் மிக்சர் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டால் ஓடி வருவான். அதை வைத்து, காது நன்றாகக் கேட்கிறது என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம். சத்துமாவு போட்டுவைக்கிற டப்பாவின் மூடியைத் தரையில் சுழற்றிவிடுவான். கன்னத்தைத் தரையோடு வைத்துப் படுத்து, அது நிற்கும்வரை பார்ப்பான். நின்றதும் மறுபடி சுழற்றுவான். ஒரு மணி நேரம்கூட அப்படியே போகும். நல்ல அமைதியான பிள்ளை என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதைக் கேட்டு நானும் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

இரண்டு வயது தாண்டியும் ஒரு சொல் இல்லை. "அவனுக்க அப்பனும் நாலு வயசிலதான் வாய் தெறந்தான். ஆம்பிளப் பிள்ள பையத்தான் பேசும்" என்றார் மாமியார். வசம்பு உரசி நாக்கில் வைத்தார். மண்டைக்காட்டு அம்மனுக்கு ஒரு நேர்ச்சை. பக்கத்து வீட்டு அக்கா தன் பங்குக்கு வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டார். இவர்கள் யார்மேலும் எனக்கு வருத்தம் கிடையாது. எல்லாம் பிரியத்தில் செய்தது. எங்கள் மையத்தில் கேட்டேன். எந்த ஊர் மையம் என்பது வேண்டாம். "கொஞ்சம் பொறுத்துப் பாருங்க, மற்ற பிள்ளைகளோட சேர்ந்தா தானா பேசிருவான்" என்றார்கள். ஒரு டாக்டரும் மூன்று வயது ஆகட்டும், பார்க்கலாம் என்றார். மூன்று வயதில் ஒரு நர்சரியில் சேர்த்தேன். ஒன்பதாம் நாள் கூப்பிட்டு, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவன் அப்பா அப்போது வளைகுடாவில். போனில் பேசிப் பேசி ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம்.

கடைசியில் காதுப் பரிசோதனை எல்லாம் முடிந்து, ஆட்டிசம் என்று தெரிந்து, அவன் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தபோது வயது மூன்று வருடம் பத்து மாதம். சந்தேகம் வந்தது ஒன்றரை வயதில். நடுவே 28 மாதம்.

இரண்டு வயதுக்குள் குழந்தையின் மூளை, பெரியவர்கள் மூளையின் அளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. கேட்பது, பார்ப்பது, பேசுவது, பழகுவது என்று ஒவ்வொன்றுக்கும் உள்ளே வழி போடுகிற காலம் அது. வழி தடுமாறுகிற பிள்ளைக்கு அந்தச் சமயத்தில் கை கொடுத்தால், அது வேறு வழியாகச் சுற்றியாவது போய்ச் சேரும். பிறகு கொடுத்தாலும் பலன் உண்டு, என் மகனே அதற்குச் சாட்சி. ஆனால் உழைப்பு பல மடங்கு. அந்த 28 மாதத்தை நினைத்து நான் இப்போதும் சில இரவுகளில் தூங்குவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். அந்த நாளில் ஒரு பள்ளியில் தமிழ் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களைப் பலகையில் எழுதிப்போட்டுப் பிள்ளைகளை மனப்பாடம் செய்யச் சொல்வேன். ஐந்தாம் மாதம் செங்கீரை. ஒரு காலை மடக்கி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதம் சப்பாணி, கை கொட்டுவது. ஓராண்டை ஒட்டி வருகை, தளர்நடை போட்டு வருவது. அப்புறம் அம்புலி, நிலாவை விளையாடக் கூப்பிடுவது. ஒரு குழந்தை எந்த மாதம் எதைச் செய்யும் என்று பார்த்துப் பார்த்துத்தான் புலவர்கள் அந்த வரிசையை வைத்திருக்கிறார்கள். நான் அதை ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டுமே பார்த்தேன். ஒருநாள் இரவு மாடியில் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டினேன். அவன் நிலாவைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. கொடியில் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்த துணிக்கிளிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அது எத்தனை பெரிய அறிகுறி என்று எனக்கு அப்போது தெரியாது.

நீங்கள் கை நீட்டிக் காட்டினால் அந்தப் பக்கம் பார்ப்பது, தானும் ஒன்றைச் சுட்டிக்காட்டி "நீயும் பார்" என்பதுபோல உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது, இதெல்லாம் பேச்சுக்கு முந்திய பேச்சு. ஒன்றரை வயதில் இது இல்லையென்றால், வாயில் சொல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காக்காவைக் காட்டுங்கள், ரோட்டில் போகிற பஸ்ஸைக் காட்டுங்கள். அங்கேயே உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்ப வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல்லாவது சேர்ந்து வர வேண்டும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை விட்டுவிட்டால், எந்த வயதானாலும் அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

உடம்பு விஷயமும் அப்படித்தான். நாலு மாதம் ஆகியும் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதம் ஆகியும் பிடிக்காமல் உட்காரவில்லை, ஒன்றரை வயதிலும் நடக்கவில்லை என்றால் விடக்கூடாது. ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் நீட்டி வாங்குகிற பிள்ளையை "இடக்கைப் பிள்ளை" என்று சொல்லிவிடுகிறோம். அந்த வயதில் குழந்தை இரண்டு கையையும் ஒன்றுபோல நீட்ட வேண்டும். ஒரு கை மட்டும் வருகிறதென்றால் மற்றக் கைக்கு என்ன என்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் நடக்காத பிள்ளையைக் கடற்கரை மணலில் இடுப்பளவு குழி தோண்டி நிறுத்தி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மையின் கண்ணில் எவ்வளவு நம்பிக்கை! அந்த நம்பிக்கையோடு அவளைப் பிசியோதெரபிக்கு யாராவது கூட்டிப்போயிருக்கலாம்.

இதில் பாதி, உங்கள் கையில் இருக்கிற தாய் சேய் நல அட்டையிலேயே படத்தோடு இருக்கிறது. களியக்காவிளை தாண்டி ஒரு மணி நேரம் போனால் வருகிற திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் குழந்தை வளர்ச்சி மையத்தில், இரண்டு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு வெறும் 17 அம்சங்களைக் கொண்டு ஓர் அட்டவணை செய்தார்கள். பிறகு ஆறு வயதுவரை நீட்டினார்கள். பிள்ளையின் வயது எந்த இடத்தில் வருகிறதோ அங்கே நேராக ஒரு கோடு. கோட்டுக்கு முன்னாலேயே வந்திருக்க வேண்டியவற்றைப் பிள்ளை செய்கிறதா என்று பார்ப்பது. அவ்வளவுதான், ஐந்து பத்து நிமிட வேலை. இது நோய் என்ன என்று சொல்லாது. யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் சொல்லும். உங்களிடமிருந்து எங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

உங்கள் வேலை எனக்குத் தெரியும். எடை போட வேண்டும், போனில் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காத இடத்தில் ரோட்டுக்கு வந்து நின்று ஏற்ற வேண்டும், தேர்தல் வந்தால் அந்த வேலை, கணக்கெடுப்பு வந்தால் அந்த வேலை. இதற்கு மேல் இன்னொரு பதிவேட்டை உங்கள் தலையில் வைக்க எனக்கு மனமில்லை. ஒரே ஒரு பேச்சை விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். "பொறுத்துப் பாருங்க" என்று சொல்லாதீர்கள். ஒரு அம்மை தயங்கித் தயங்கி வந்து, "டீச்சர், இவன் இன்னும் பேசலியே" என்று கேட்கிறாள் என்றால், அதற்கு முன் பல மாதம் அவள் தனியாக இருந்து யோசித்திருக்கிறாள். அப்புறம்தான் உங்களிடம் வருகிறாள். நீங்கள் பொறு என்றால் அவளுக்கு அது பெரிய ஆறுதல். நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். நானும் அப்படித்தான் போனேன்.

சரி, அனுப்புங்கள் என்றால் எங்கே? பிள்ளைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்க 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுத் திட்டத்தின் டாக்டர் வண்டி வருடத்தில் இரண்டு முறை உங்கள் மையத்துக்கு வரவேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கையும் பார்ப்பது அதன் வேலை. அவர்கள் எழுதிக்கொடுத்தால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் போகலாம். குழந்தை டாக்டர், பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, காது, கண், மனநலம் எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்க வேண்டும் என்பதே அந்த மையங்களின் நோக்கம். காசு கிடையாது. வண்டி வரட்டும் என்று ஆறு மாதம் காத்திருக்கவும் வேண்டாம், அம்மை நேரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம். இது எனக்குத் தெரிந்திருந்தால் நான் என்றைக்கோ போயிருப்பேன்.

வண்டி வருகிற நாளைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். அன்றைக்கு மையத்தில் இருக்கிற பிள்ளைகளைத்தான் அவர்கள் பார்ப்பார்கள். எந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டுமோ அந்தப் பிள்ளை பெரும்பாலும் மையத்துக்கே வந்திருக்காது. நடக்காத பிள்ளையை யார் தூக்கி வருவது? கூச்சல் போடுகிற பிள்ளையை அம்மை வெட்கப்பட்டு வீட்டோடு வைத்திருப்பாள். தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் ஆண்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் எல்லா முடிவும் அவள் ஒருத்தி தலையில். முந்திரி ஆலைக்குப் போகிறவள் ஒருநாள் விட்டால் அன்றைய கூலி இல்லை. பேச்சிப்பாறை மேலே ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன் பால்வெட்டுக்குப் போகிற வீட்டில், பிள்ளை அம்மச்சியிடம் இருக்கும். இந்தப் பிள்ளைகளின் பேர் உங்கள் கணக்கெடுப்பு நோட்டில் மட்டும் இருக்கிறது. வண்டி வருகிற நாளுக்கு முந்தின நாள், நோட்டில் பேர் இருந்தும் மையத்துக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு ஒரு நடை போய்வர முடியுமா?

அம்மைமார் பயப்படுவது எதற்கு என்று எனக்குத் தெரியும். பேர் விழுந்துவிடும் என்பதற்கு. ஊனம் என்று சர்டிபிகேட் எழுதிவிடுவார்கள், நாளைக்குத் தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது என்பதற்கு. அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இது: பரிசோதனைக்குப் போவது வேறு, சர்டிபிகேட் வாங்குவது வேறு. பயிற்சி தொடங்க அட்டை எதுவும் வேண்டாம். தாமதம் என்று அனுப்பப்படுகிற பிள்ளைகளில் பலர் கொஞ்சநாள் பயிற்சியிலேயே மற்றவர்களோடு சேர்ந்துவிடுவார்கள். சிலருக்குக் காதில்தான் கோளாறு இருக்கும். அதை ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் கருவி வைக்கலாம். உள்காதில் கருவி பொருத்துகிற காக்ளியர் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டில் ஆறு வயதுக்குள் செய்ய வழி இருக்கிறது. அந்த ஆறு வயதுக்குள் என்பது எவ்வளவு சீக்கிரம் ஓடிவிடும் என்பதை நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைக்குப் போலச் சிலருக்கு வாழ்நாள் முழுக்கத் துணை வேண்டியிருக்கும். அவர்களுக்கும் சீக்கிரம் தொடங்குவதுதான் நல்லது.

பயிற்சி என்றால் ஏதோ பெரிய மெஷின் என்று நானும் நினைத்திருந்தேன். முதல் மாதம் அந்தப் பேச்சுப் பயிற்சி மேடம் செய்தது ஒரே ஒரு வேலை. ஒரு எவர்சில்வர் டம்ளர். அவன் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொன்னார். அதுவரை அவன் அழுவதற்கு முன்னாலேயே நான் வெள்ளத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். அவனுக்குக் கேட்க வேண்டிய தேவையே வந்ததில்லை. இப்போது அவன் என் கையைப் பிடித்து இழுத்து டம்ளர் பக்கம் தள்ளுவான். நான் அவன் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அவன் என்னைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? மேடம் வைத்திருந்த படத்தில் "தண்ணீர்" என்று போட்டிருந்தது. "வீட்டில் என்ன சொல்வீர்கள்?" என்று கேட்டார். வெள்ளம் என்றேன். "அப்படியென்றால் வெள்ளம் என்றே சொல்லுங்கள்" என்றார். இங்கிலீஷில் பேசினால் சீக்கிரம் பேசுவான், ஒரே மொழியில் பேசு என்று எனக்குப் பலர் சொல்லியிருந்தார்கள். பிள்ளை நாள் முழுக்கக் கேட்கிற வீட்டுப் பேச்சுதான் அதற்கு முதல் பேச்சு என்று அவர் ஒருவர்தான் சொன்னார். ஒருநாளைக்கு இருபது முப்பது தடவை அந்த டம்ளர். ஏழாவது வாரம் ஒரு புதன்கிழமை, நான் எட்டு எண்ணியிருந்தேன், அவன் உதட்டைக் குவித்து "வெ" என்றான். டம்ளரைக் கொடுக்கும்போது எனக்குக் கை நடுங்கியதில் பாதி அவன் சட்டையில் கொட்டிவிட்டது.

இந்த டம்ளர் வேலையை உங்கள் மையத்திலும் செய்யலாம். முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும்வரை பத்து எண்ணலாம். பயிற்சிக்குப் போகிற பிள்ளை மையத்துக்கு வராமல் நின்றுவிடக் கூடாது. மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதே அதற்குப் பயிற்சி. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்று அங்கன்வாடி நெறிமுறை ஒன்றையே வெளியிட்டிருக்கிறது. ஆரம்பத்தில் கண்டறிவது, மையத்தில் சேர்த்துக்கொள்வது, மேல்சிகிச்சைக்கு அனுப்புவது எல்லாம் அதில் இருக்கின்றன. "இவனைப் பார்த்துக்க முடியல, கூட்டிட்டுப் போங்க" என்று எந்த அம்மையிடமும் சொல்லாதீர்கள். நர்சரியில் அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று நான் பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.

இதை மாவட்ட நிர்வாகத்தில் யாராவது படித்தால், உங்களிடம் கேட்க வேண்டியதும் இங்கேயே. நான் வாரம் இரண்டு தடவை பயிற்சிக்கு இரண்டு பஸ் மாறிப் போனவள். ஹாரன் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிற பிள்ளையோடு, எல்லாரும் திரும்பிப் பார்க்க. அதற்காகவே வேலையை விட்டேன். எனக்குக் கணவர் சம்பளம் இருந்தது. கூலிக்குப் போகிறவள் மூன்றாம் வாரமே நின்றுவிடுவாள். வாரத்தில் ஒரு நாளாவது பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி செய்கிறவர்கள் பத்மநாபபுரம், குழித்துறை, குளச்சல் அரசு மருத்துவமனைகளில் வந்து உட்காரும்படி செய்யுங்கள். காலியான இடங்களை உடனுக்குடன் நிரப்புங்கள். அனுப்பிய பிள்ளை போய்ச்சேர்ந்ததா, என்ன சொன்னார்கள் என்று அங்கன்வாடி டீச்சருக்கு ஒரு சீட்டு திரும்பி வரட்டும். அது தெரியாமல் அடுத்த பிள்ளையை அனுப்ப அவருக்கு எப்படி மனம் வரும்?

டீச்சர்மாரே, உங்களில் யாருக்காவது ஒரு அம்மையிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தயக்கம் இருந்தால், என்னிடம் கூட்டிவாருங்கள். கருங்கல் சுற்றுவட்டாரத்து மையங்களில் பலருக்கு என்னைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். அவள் வந்து என் மகனைப் பார்க்கட்டும். அவன் யாருடனும் அதிகம் பேசமாட்டான். ஆனால் வந்தவர்களுக்கு வெள்ளம் கொண்டுவந்து கொடுப்பான். முகத்தைப் பார்த்துத்தான் கொடுப்பான்.

இப்படிக்கு,
கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மை